மொட்டும் மிருகமும்: கொல்லப்பட்ட பிள்ளைகளும் நமது கோபமும்

ஒரு பிள்ளை கொல்லப்பட்டதும் இந்த நாட்டில் அடுத்து என்ன நடக்கும் என்பதை இப்போது எவரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதல் நாள் புகைப்படம் வரும். அடுத்த நாள் கவிதை வரும். மூன்றாம் நாள் பதாகைகளோடு ஆட்கள் சந்திக்கு வருவார்கள். அதற்குப் பிறகு ஓர் அரசியல்வாதி அந்த வீட்டு முற்றத்தில் நின்று, 'இதுக்கெல்லாம் தூக்குத்தான் மருந்து' என்பார். ஒரு கிழமைக்குள் பேச்சு பாராளுமன்றம் வரை போய்விடும். சில மாதங்கள் கழிந்தால், வழக்குத் தவணைக்கு அந்தப் பிள்ளையின் தாய் தகப்பன் மட்டும் பஸ் ஏறிப் போவார்கள்.

இந்த ஒழுங்கைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். குற்றத்தை விசாரிப்பது பொலிஸாரதும் சட்ட வைத்திய அதிகாரியினதும் நீதிமன்றத்தினதும் வேலை. ஆனால் குற்றத்திற்குப் பிறகு நாம் பேசுவதும் எழுதுவதும் சொற்களால் ஆனவை. கவிதையையும் சிறுகதையையும் விமர்சனத்திற்கு எடுக்கிற ஒரு சஞ்சிகை அந்தச் சொற்களையும் எடுக்கத்தான் வேணும். இரங்கற் கவிதை, பத்திரிகைத் தலைப்பு, அமைச்சரின் அறிக்கை, ஜும்ஆப் பிரசங்கம் எல்லாவற்றையும் ஒரே பிரதியாக வைத்து வாசித்தால் நம்மைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பதே எனது கேள்வி.

நான் எடுத்துக்கொள்ளும் சம்பவங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவ. 2021 ஜூலையில் டயகமவிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த பிள்ளை. 2022 மே மாதம் அட்டுலுகம. இவற்றுக்கு முன்னர் நடந்த மூதூர்ப் பிள்ளையின் கதையும் இடையில் வரும். பிள்ளைகளின் பெயர்களை நான் எழுதவில்லை. அந்தப் பெயர்களைப் போதுமான அளவு கோஷமாக்கி முடித்துவிட்டோம்.

சொற்கள்

முதலில் கவிதைகள். ஒவ்வொரு சம்பவத்திற்குப் பிறகும் எழுதப்படும் இரங்கற் கவிதைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு ஒரே அச்சில் வார்த்தவை. பிள்ளை ஒரு மொட்டு. அல்லது மலர், தேவதை, சுவனத்துச் சிட்டு. கொன்றவன் மிருகம், காமுகன், ஷைத்தான். கடைசி வரியில் ஒரு சாபமோ ஒரு துஆவோ இருக்கும். எழுதியவர்களின் மனவேதனையை நான் சந்தேகிக்கவில்லை. அப்படியான நாளில் கைக்குக் கிடைக்கிற சொல்லைத்தான் மனிசன் எடுப்பான். ஆனால் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

மொட்டுக்கு வாய் இல்லை. அது பாடசாலைக்குப் போவதில்லை, கடைக்குப் போவதில்லை. யாரைக் கண்டால் பயம் என்று உம்மாவின் காதில் சொல்வதுமில்லை. பிள்ளை இதையெல்லாம் செய்யும். அட்டுலுகமவில் அந்த ஒன்பது வயதுப் பிள்ளை கோழி இறைச்சி வாங்கக் கடைக்குப் போனது. வீட்டு வேலையில் பங்கெடுக்கிற, காசை எண்ணி வாங்கத் தெரிந்த, தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பிள்ளை. அந்தப் பிள்ளையை நமது கவிதைகளில் நான் காணவில்லை. எந்தப் பிள்ளைக்கும் பொருந்தக்கூடிய ஒரு பூவைத்தான் கண்டேன். பெயரை மாத்திப் போட்டால் கொட்டதெனியாவக்கு எழுதியது அட்டுலுகமவுக்கும் சரியாக இருக்கும்.

மொட்டு என்ற உவமைக்கு இன்னொரு தீங்கும் உண்டு. பூவின் பெறுமதியை நாம் அதன் கசங்காத தன்மையில் வைத்திருக்கிறோம். துன்புறுத்தப்பட்டும் உயிரோடிருக்கிற பிள்ளைகள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நமது பள்ளிக்கூடங்களிலும் குர்ஆன் மத்ரஸாக்களிலும் இருக்கிறார்கள். 'கசக்கி எறியப்பட்ட மலர்' என்று நாம் எழுதுவதை அவர்களும் வாசிக்கிறார்கள். தனக்கு நடந்ததை வெளியே சொன்னால் தானும் கசங்கிய மலர்தான் என்று ஒரு பிள்ளை நினைத்தால், அந்த நினைப்பை ஊட்டியதில் நமது கவிதைக்கும் பங்குண்டு. இறந்த பிள்ளைக்காக எழுதிய வரி உயிரோடிருக்கிற பிள்ளையின் வாயைக் கட்டிப்போடுகிறது.

அடுத்தது மிருகம். மிருகம் காட்டிலிருந்து வரும், ஊருக்கு வெளியிலிருந்து வரும். அதன் முகத்தைக் கண்டதும் பயம் வரும். ஆனால் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்தவர்கள் என்பது சிறுவர் பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிற எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம். மாமா, பக்கத்து வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், ஓதிக்கொடுப்பவர், டியூஷன் மாஸ்டர். அவர்கள் ஸலாம் சொல்வார்கள், நாமும் பதில் சொல்வோம். அட்டுலுகமவிலும் சந்தேகத்தில் கைதானவர் அதே ஊர்க்காரர். மிருகத்தைத் தேடச் சொல்லிப் பெற்றோருக்குப் பழக்குகிற எழுத்து, அவர்களைத் தப்பான திசையில் பார்க்க வைக்கிறது.

தலைப்புகளைப் பற்றியும் ஒரு சொல். அட்டுலுகமப் பிள்ளையின் உடல் சதுப்பு நிலத்தில் கண்டெடுக்கப்பட்ட அன்றே, பிரேத பரிசோதனைக்கு முன்னரே, பாலியல் வன்புணர்வு என்று எழுதியாயிற்று, பகிர்ந்தாயிற்று. பிறகு, அப்படியான துஷ்பிரயோகம் நடக்கவில்லை என்று பிரேத பரிசோதனையில் தெரியவந்ததாகச் செய்திகள் வந்தன. திருத்தம் போட்டவர்கள் எத்தனை பேர்? குற்றத்தின் கொடூரம் கொலை என்ற ஒன்றாலேயே முழுமையானது. அது போதாது என்று நம் கற்பனையையும் சேர்த்துப் போட்டோம். ஜனாஸா அடக்கப்படுவதற்கு முன்னரே அந்தப் பிள்ளையைப் பற்றி இப்படி எழுதுவதற்கு நமக்கு யார் உரிமை தந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மிருகத்திற்கு ஒரு முகம்

மிருகம் என்ற சொல் பிறந்துவிட்டால் அதற்கு ஒரு முகம் தேவைப்படும். அதுவும் அவசரமாக. கொட்டதெனியாவவில் நடந்தது இதுதான்.

நாலு வயது கடந்த பிள்ளை. இரவில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது தூக்கிச் செல்லப்பட்டது. அடுத்த நாள் உடல் வீட்டுக்குக் கிட்டவே கண்டெடுக்கப்பட்டது. நாடு கொதித்தது. சில நாட்களுக்குள் 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனும், அயலில் இருந்த இளம் தகப்பன் ஒருவரும் பிடிக்கப்பட்டார்கள். மாணவனிடம் ஆபாசப் படங்கள் இருந்ததாகச் சொல்லப்பட்டது. அதைக் கேட்டதுமே பலருக்கு வழக்கு முடிந்துவிட்டது. மரபணுப் பரிசோதனை அவர்கள் இருவரையும் சுத்தவாளிகள் என்றது. பொலிஸ் காவலில் தாங்கள் தாக்கப்பட்டதாக அவர்கள் முறையிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. மூன்றாவதாக ஒருவர் கைதானார். அவருடைய பட்டப்பெயர் அந்நாட்களில் நாட்டின் எல்லா வாய்களிலும் கிடந்தது. குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அறிவிக்கப்பட்டது. மரபணு அவரோடும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரனோடு. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரனுக்கு மரண தண்டனை விதித்தது.

இதை ஆறுதலாக யோசிக்க வேண்டும். முதல் வாரத்தில் மக்கள் கேட்ட தண்டனை முதல் வாரத்திலேயே நிறைவேற்றப்பட்டிருந்தால் தூக்கில் தொங்கியிருப்பது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பொடியன். இரண்டாம் வாரத்தில் என்றால், செய்யாததைச் 'செய்தேன்' என்று சொன்ன ஒரு மனிசன். செய்யாத கொலையை ஒரு மனிசன் ஏன் ஒப்புக்கொள்கிறான் என்ற கேள்வியை அன்று எழுப்பியவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்த மாணவனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய பேனாக்களில் எத்தனை, அவன் விடுதலையானபோது ஒரு பந்தி எழுதின? உண்மையைக் கண்டுபிடித்தது ஓர் ஆய்வுகூடத்தின் பொறுமையான வேலை. மக்களின் கோபம் அந்த வேலைக்கு உதவவில்லை. ஒரு முகத்தைக் கெதியாகக் காட்டு என்று பொலிஸை நெருக்கியதில்தான் அதன் பங்கு இருந்தது.

கயிற்றின் அரசியல்

1976 ஜூன் மாதத்திற்குப் பிறகு இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. நீதிமன்றங்கள் மரண தண்டனையை விதித்துக்கொண்டே இருக்கின்றன, அது நிறைவேற்றப்படுவதில்லை. இடையிடையே கயிறு வெளியே எடுக்கப்படும். 2004 நவம்பரில் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய கொல்லப்பட்டபோது ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க மரண தண்டனை மீண்டும் நடைமுறைக்கு வரும் என்றார். 2015இல் கொட்டதெனியாவக்குப் பிறகு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பாராளுமன்றம் இணங்கினால் தான் தயார் என்றார். 2019இல் அவரே போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரண தண்டனைக்குக் கையொப்பமிட்டார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அலுகோசு பதவிக்கு ஆள் தேடி விளம்பரம் போட்டதும் நமக்கு ஞாபகமிருக்கிறது.

அரசியல்வாதிக்குக் கயிறு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? அதற்குச் செலவு இல்லை. பிள்ளைகளைப் பாதுகாப்பதற்கு உண்மையில் தேவையானவை எல்லாம் செலவுள்ளவை: ஒவ்வொரு மாவட்டத்திலும் போதுமான சட்ட வைத்திய அதிகாரிகள், நன்னடத்தை அலுவலர்கள், சிங்களமும் தமிழும் தெரிந்த பெண் பொலிஸார், பிள்ளை சாட்சி சொல்வதற்கு ஏற்ற இடம், வருஷக்கணக்கில் இழுபடாத வழக்கு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் முன்வைக்க 1999 முதல் சட்டத்தில் இடமுண்டு. சட்டம் இருக்கிறது. அது எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைத்தது, கிடைக்காவிட்டால் ஏன் என்று கேட்கிற பதாகையை நான் எந்த ஆர்ப்பாட்டத்திலும் பார்க்கவில்லை. அப்படியொரு பதாகையைப் பிடித்தால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டி வரும். தூக்குப் பதாகையைப் பிடித்தால் அவரும் வந்து பக்கத்தில் நிற்கலாம்.

நம்மவர்கள் இந்த இடத்தில் இன்னொன்றைச் சேர்ப்பார்கள்: 'எங்கட ஷரீஆ சட்டம் இருந்திருந்தா இப்படி நடக்குமா?' சந்தியிலும் கேட்டிருக்கிறேன், மிம்பரிலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் ஷரீஆவின் தண்டனையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்; அந்தத் தண்டனைக்கு முன்னால் ஃபுகஹாக்கள் வைத்த சாட்சியத்தின் கடுமையை மறந்துபோகிறார்கள். சந்தேகம் இருக்குமிடத்தில் ஹத்து விலக்கப்படும் என்பது ஃபிக்ஹின் ஆரம்ப வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற விதி. அடித்து வாங்கிய வாக்குமூலத்திற்கு என்ன பெறுமதி என்பதும் அங்கே விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது. கொட்டதெனியாவ மாணவனை இந்த விதிகளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தால், கயிறு கேட்டவர்கள் ஷரீஆவைக் கேட்கவில்லை என்பது விளங்கும்.

அதிலும் நமக்கு மூதூர் இருக்கிறது. 2005இல் கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப்போட்டு, உண்மையில் 17 வயதில், சவூதிக்குப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்ட பிள்ளை. போய்ச் சில வாரங்களில் அவள் பராமரிப்பில் இருந்த நாலு மாதக் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சடைத்தது என்றாள். சட்டத்தரணி இல்லாமல், மொழி விளங்காமல் எடுக்கப்பட்ட வாக்குமூலம். பிறகு அதை அவள் மறுத்தாள். 2007இல் மரண தண்டனை. 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. செய்தி வந்த அன்று நமது பாராளுமன்றம் எழுந்து மௌனம் அனுஷ்டித்தது. நமது சமூகத்தில் அழாதவர் குறைவு.

அந்தக் கதையும் ஒரு குழந்தையின் மரணத்தில்தான் தொடங்கியது. பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய் தகப்பனின் வேதனை உண்மையான வேதனை. மன்னிக்க மாட்டோம் என்று அவர்கள் நின்றதும் நமக்கு விளங்காத ஒன்றல்ல. அங்கே குற்றம்சாட்டப்பட்ட ஏழைப் பிள்ளை நமது பிள்ளையாக இருந்ததால் வாக்குமூலத்தைச் சந்தேகித்தோம், மொழிபெயர்ப்பாளரைச் சந்தேகித்தோம், அவசரத்தைக் கண்டித்தோம். சரியாகத்தான் செய்தோம். இரண்டரை வருஷம் கழித்துக் கொட்டதெனியாவவில் அதே கேள்விகளைக் கேட்க வேண்டிய நேரம் வந்தபோது நம்மிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மூதூரிலிருந்து கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு பாடத்தை அங்கேயே விட்டுவிட்டோம்.

யாருடைய ஆள்?

இந்த நாட்டில் ஒரு பிள்ளை கொல்லப்பட்ட செய்தி வந்ததும் ஒவ்வொரு சமூகமும் மனதுக்குள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை யாருடையது, செய்தவன் யாருடைய ஆள்? நாம் கேட்பதற்குக் காரணம் பயம். செய்தவன் ஒரு முஸ்லிம் பெயர்காரனாக இருந்தால் நாளைக்கு நமது கடைகளுக்கு என்ன நடக்கும் என்ற பயம். 2014 அளுத்கமவையும் 2018 திகனவையும் 2019 மே மாதத்தையும் கண்ட சமூகத்திற்கு அந்தப் பயம் வருவதை நான் குறைசொல்லவில்லை.

அட்டுலுகம அந்தப் பயத்தை நன்றாக அறிந்த ஊர். 2020 இறுதியில் கொரோனாவுக்காக மூடப்பட்டிருந்தபோது, அங்கே ஓரிருவர் செய்ததை வைத்து முழு ஊரையுமே நோயாகக் காட்டிய தொலைக்காட்சிகளை அந்த மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்றரை வருஷத்தில் அதே ஊருக்கு அதே கமெராக்கள் திரும்பி வந்தன, இந்த முறை அனுதாபத்தோடு. நாடே எரிபொருள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. அரசாங்கம் ஆட்டம் கண்டிருந்தது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ விரைவில் நீதி கிடைக்கும் என்று உறுதியளித்தார். பிள்ளையும் நம்முடையது, சந்தேகநபரும் நம்முடையவர் என்று தெரிந்தபோது, நம்மவர்கள் பலரின் பேச்சில் துக்கத்தோடு ஓர் ஆறுதலும் கலந்திருந்தது: 'நல்ல காலம், இது இனப் பிரச்சினையா மாறல்ல.' அந்த ஆறுதலுக்கு அடுத்ததாகப் பேச வேண்டியிருந்த விஷயம், நமது ஊருக்குள் நமது பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு என்பது, பேசப்படாமலே போயிற்று.

டயகமப் பிள்ளையின் விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் மோசமாக வேலை செய்தது. மலையகத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை, 16 வயது. கொழும்பில், நமது சமூகத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டில் வேலைக்கிருந்தாள். 2021 ஜூலை 3ஆம் திகதி கடும் எரிகாயங்களோடு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டு, 15ஆம் திகதி இறந்தாள். அடக்கிய உடல் மாத இறுதியில் தோண்டியெடுக்கப்பட்டு இரண்டாவது முறை பரிசோதிக்கப்பட்டது. மலையகம் எங்கும் ஆர்ப்பாட்டம் நடந்தது. அந்த உறுப்பினர் அப்போது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டிருந்தார். அந்தக் கைதையே அரசியல் பழிவாங்கல் என்று பார்த்த நமது சமூகத்தில் பலர், பிள்ளையின் மரணத்தையும் அதே கண்ணாடியால் பார்த்தார்கள். 'இது அவரை முடிக்கப் போட்ட திட்டம்' என்றார்கள். மறுபக்கத்தில், தோட்டப் பிள்ளைகளின் சம்பளத்தைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ ஒருநாளும் வாய்திறக்காத இனவாதிகள் திடீரென்று அந்தப் பிள்ளையின் பாதுகாவலர் ஆனார்கள். அவர்களுக்கு அவள் ஒரு முஸ்லிம் அரசியல்வாதியை அடிக்கக் கிடைத்த தடி.

அந்த வீட்டில் நடந்ததற்கு யார் பொறுப்பு என்று தீர்மானிப்பது நீதிமன்றம். அதில் நான் தலையிடவில்லை. கேட்க விரும்புவது வேறு. 2021 தொடக்கத்தில்தான் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16 ஆகச் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. அதுவரை 14 வயதுப் பிள்ளை அடுத்தவன் வீட்டில் பாத்திரம் கழுவுவது சட்டப்படி சரி. மலையகத்திலிருந்தும் நமது கிழக்கு மாகாணத்து ஏழைக் குடும்பங்களிலிருந்தும் தரகர் மூலம் பிள்ளைகளை எடுத்து வீட்டில் வைத்திருக்கும் பழக்கம் வசதியுள்ள முஸ்லிம் வீடுகளில் இருந்ததா இல்லையா? இருந்தது என்பது இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். 'நம்ம புள்ள மாதிரித்தான் வெச்சிருக்கோம்' என்று சொல்லித்தான் வைத்திருந்தோம். நம்ம புள்ள எந்த அறையில் தூங்கியது, அந்தப் புள்ள எங்கே தூங்கியது? அட்டுலுகமப் பிள்ளைக்கு வந்த மொட்டுக் கவிதைகளில் பத்தில் ஒன்றுகூட நமது பேனாக்களிலிருந்து டயகமப் பிள்ளைக்கு வரவில்லை. வேலை செய்கிற கையை மொட்டு என்று எழுத வரவில்லை போலும். இந்த மௌனமும் ஒரு பிரதிதான். இரங்கற் கவிதைகளைவிட அதை வாசிப்பது நமக்குக் கஷ்டம்.

பிள்ளை என்றால் யார்?

மூன்று சம்பவங்களையும் வைத்து யோசித்தால், ஒரு பிள்ளையைப் பிள்ளையாக ஏற்றுக்கொள்வதற்கு நமது சமூகம் சில நிபந்தனைகள் வைத்திருப்பது தெரிகிறது. சின்ன வயதாக இருக்க வேண்டும். இறந்திருக்க வேண்டும். கொன்றவன் நமக்கு வேண்டாதவனாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தால் கோபமும் குறைகிறது.

சட்டத்திலும் இந்தக் கேள்வி நம் முன்னால் கிடக்கிறது. தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டபோது, 16 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளையோடு உறவுகொள்வது, அவள் சம்மதித்தாலும், வன்புணர்வு என்று ஆனது. ஆனால் 12 வயதைத் தாண்டிய, சட்டப்படி பிரிந்து வாழாத மனைவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மற்றச் சமூகங்களுக்குத் திருமண வயது 18 என்று ஆனதால், இந்த விதிவிலக்கின் நிழல் விழுவது நமது பிள்ளைகள்மீதுதான். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் ஆகக்குறைந்த வயதொன்றை வைக்கவில்லை. 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் விவாகத்தையும் காதியின் அனுமதியோடு பதிய இடம் வைத்திருக்கிறது. 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் இழுபறி தொடர்ந்தது.

இந்தத் திருத்தத்தை எதிர்ப்பவர்களின் வாதங்களை நான் அறிவேன். வெளியார் நமது தனியார் சட்டத்தில் கைவைக்க இதைச் சாட்டாக எடுப்பார்கள் என்ற அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கொல்லப்பட்ட ஒன்பது வயதுப் பிள்ளைக்காகத் தூக்கு கேட்ட அதே வாயால், பதின்மூன்று வயதுப் பிள்ளையின் நிக்காஹ்வுக்கு 'மார்க்கத்தில் இடம் இருக்கு' என்று சொல்லிப்போட்டுப் போக முடியாது. இரண்டும் ஒரே பிள்ளையைப் பற்றிய பேச்சு. பிள்ளையின் உடலுக்கும் படிப்புக்கும் காவல் நிற்பது நமது பொறுப்பு என்றால், அந்தக் காவல் வீட்டுக்கு வெளியே மட்டும் நிற்காது.

வேறு விதமான கோபம்

கோபமே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கோபத்திற்கு ஒரு நல்ல வழியும் உண்டு என்பதற்குப் புங்குடுதீவு சாட்சி. 2015 மே மாதம் பாடசாலை மாணவி ஒருத்தி கொல்லப்பட்டபோது யாழ்ப்பாணத்திலும் ஆத்திரம் கல்லாக மாறியது. நீதிமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது, நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். அதோடு நின்றிருந்தால் அதுவும் மற்றவைபோல்தான். ஆனால் அங்கே மக்கள் இன்னொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். ஊராரின் பிடியில் அகப்பட்ட ஒரு சந்தேகநபர் எப்படிக் கொழும்புக்குத் தப்பினார்? அந்தக் கேள்வியை அவர்கள் விடவில்லை. 2017இல் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மாஅதிபர் ஒருவரே அதற்காகக் கைதானார். அதே வருஷம் செப்டெம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் ஏழு பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. குற்றம்சாட்டப்பட்ட வேறு இருவரை விடுவித்தது. அந்த விடுவிப்பையும் நாம் கவனிக்க வேண்டும். எல்லோரையும் தூக்கு என்று கேட்ட கூட்டத்திற்கும், ஆளுக்காள் சாட்சியத்தை நிறுத்துப் பார்த்த நீதிமன்றத்திற்கும் இடையிலுள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

நமது பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு இதில் வேலை உண்டு. மஹல்லாவில் ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொன்னால் யாரிடம் போவது? இப்போது என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு, 'குடும்ப மானம், ஊர் மானம்' என்று பேசி, ஒரு காகிதத்தில் கையொப்பம் வாங்கி முடித்துவைப்பார்கள். அது குற்றத்தை மறைப்பது. பிள்ளைகள் மீதான குற்றத்தை இணக்கத்தால் முடிக்க எந்த ஜமாஅத்துக்கும் அதிகாரம் இல்லை. 1929 என்ற இலக்கத்தைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டுவதற்குச் சந்தா தேவையில்லை. மத்ரஸாக்களில் ஓதிக்கொடுப்பவர்கள் யார், முன்பு எங்கே இருந்தார்கள், ஏன் அங்கிருந்து வந்தார்கள் என்று விசாரிக்க ஃபத்வாவும் தேவையில்லை.

எழுதுகிறவர்களுக்கும் வேலை உண்டு. அடுத்த முறை ஒரு பிள்ளை கொல்லப்பட்டால், முதல் இரவிலேயே கவிதை எழுதாமல் இருக்கலாம். எழுதினால், அந்தப் பிள்ளை என்ன விளையாடியது, எந்த வகுப்பில் படித்தது, வீட்டில் யாரோடு சண்டை பிடித்தது என்று விசாரித்து, பெற்றோரின் அனுமதி கேட்டு எழுதலாம். சந்தேகநபர் விடுவிக்கப்பட்டால் அதையும் எழுதலாம். மேல் நீதிமன்றத்தில் வழக்கு எடுக்கப்படும் நாளில் பிற்பகல்வரை அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு, எத்தனையாவது தடவையாகத் தவணை போடப்பட்டது, ஏன் போடப்பட்டது என்று எழுதலாம். அதில் உவமை இருக்காது, பகிர்வதற்கும் ஆள் குறைவாக இருக்கும். தவணைக்குத் தனியாக வந்து தனியாகத் திரும்பிப் போகிற ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் அப்படியொரு எழுத்தால் ஏதாவது பிரயோசனம் உண்டு.